கூடையோடு லாரி ஏறிய தாய்மாமன்

கிட்டே வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். இதை உரக்கச் சொல்ல முடியாது. அந்த மூன்று பேரின் வம்சம் இன்னும் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறது, அதில் சிலபேர் பஞ்சாயத்தில் வேறு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பாலக்காட்டுக் கணவாய் ஓரம் கரட்டுப்புதூர் என்று ஓர் ஊர். அங்கே சாமியாத்தாள் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். தாய்மாமன் சீர் வந்தால்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். சாமியாத்தாளுக்கு அண்ணன்மார் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு காளை.

இறைச்சி மாடு வாங்குகிற பாலக்காட்டு வியாபாரி அலவி பாய் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "இது மாடா, மாட்டோட நிழலா? நல்லாக் கொழுக்க வெச்சுத் தை மாசச் சந்தைக்குக் கொண்டாங்க. எடை இருந்தா எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் போய்விட்டார். எடை ஏறினால் சீர் உண்டு, ஏறாவிட்டால் கல்யாணம் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

மூத்தவர் ராக்கியண்ணன். மூவரில் அவர்தான் புத்திசாலி. அப்படித்தான் மற்ற இரண்டு பேரும், செம்பானும் குட்டியப்பனும், எல்லோரிடமும் சொல்லி வந்தார்கள்.

அவர்கள் மாட்டு டாக்டரிடம் போனார்கள். "பச்சை மக்காச்சோளத் தட்டை நறுக்கிக் குழியில போட்டு, காத்தே இல்லாம மிதிச்சு, தார்ப்பாய் போட்டு மூடி வைங்க. உள்ளேயே புளிச்சுப் பதமாகும். சைலேஜ்னு பேரு. மாடு சும்மா பூரிக்கும். காத்து மட்டும் புகுந்துடக் கூடாது. நான் வந்து சொன்ன பிறகுதான் திறக்கணும்" என்றார் அவர்.

வெட்டினார்கள், நிரப்பினார்கள், கால் வீங்க மிதித்தார்கள். அப்புறம்தான் குட்டியப்பனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அண்ணா, காத்து போயிருச்சா இல்லியான்னு எப்புடித் தெரியும்?"

"உள்ள ஒருத்தன் இருந்து பாத்துச் சொல்லோணும்" என்றார் ராக்கியண்ணன்.

செம்பானைக் குழிக்குள் படுக்க வைத்து மேலே தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "அய்யோ, மூச்சு முட்டுதுங்கண்ணா!" என்று சத்தம் வந்தது.

"வேலை சுத்தமா முடிஞ்சுது" என்று ராக்கியண்ணன் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

செம்பானை வெளியே இழுத்ததில் காற்று மறுபடியும் புகுந்துவிட்டது. அதனால் முதலிலிருந்து மிதித்தார்கள். இந்தத் தடவை சோதனை வேண்டாம் என்று செம்பானே சொல்லிவிட்டான்.

மார்கழி வந்தது. டாக்டர் வரவில்லை. அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். குழி மூடியபடியே கிடந்தது. காளை பழைய வைக்கோலைத் தின்றுகொண்டு குழியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. கணவாய்க் காற்று சில்லென்று அடித்த ஒரு காலையில், அந்தப் பெருமூச்சு மூக்கிலிருந்து ஆவியாகப் பறந்ததைக் குட்டியப்பன் பார்த்துவிட்டான்.

"அண்ணா, தீனி வெளிய போவுது!"

மூவரும் ஓடிவந்து குனிந்து பார்த்தார்கள்.

"அதான் இளைக்குது" என்றார் ராக்கியண்ணன். "நாம ஒரு பக்கம் போடறோம், அது ஒரு பக்கம் ஊதித் தள்ளுது. என்ன திமிரு பாத்தியா!"

உடனே ஒரு சாக்கை எடுத்து மாட்டின் மூஞ்சியில் கட்டினார்கள். தின்னுகிற நேரம் மட்டும் அவிழ்ப்பது, அதுவும் பாதி நேரம் மறந்துபோவது. தை பிறந்தபோது காளை தன் நிழலைவிட மெலிந்திருந்தது.

சந்தைக்கு முதல்நாள் சாமியாத்தாள் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "தீனி எங்கண்ணா?"

"குழியில பத்திரமா இருக்குது ஆத்தா. ஒரு புடி கொறையல. டாக்டர் இன்னும் வந்து சொல்லலியே!"

அவளே மண்வெட்டியை எடுத்துக் குழியைத் திறந்தாள். கம்மென்று புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம். தீனி பொன்னு மாதிரி இருந்தது.

"நாளைக்குச் சந்தை, நாளன்னிக்கு முகூர்த்தம். இனி எப்பத் தின்னு எப்பக் கொழுக்கறது?" என்று அழுதாள்.

ராக்கியண்ணன் யோசித்தார். அவர் யோசித்தால் தம்பிமார் மூச்சு விடமாட்டார்கள்.

"தீனி என்ன பண்ணும்? மாட்டு மேல எடையா ஏறும். வாய் வழியா ஏத்துனா நாளாவும். நாம நேராவே ஏத்திப்போடலாம்."

விடிவதற்குள் தீனியைச் சாக்குகளில் அடைத்து, காளையின் விலாவிலும் முதுகிலும் கட்டி, மேலே பெரிய ஜமுக்காளம் ஒன்றைப் போர்த்தினார்கள். காளை யானைக் கணக்காக ஆகிவிட்டது.

சந்தையில் அலவி பாய், "இதென்ன போர்வை?" என்று கேட்டார்.

"குளிருதுங்க" என்றான் செம்பான். அவனுக்கு வேர்த்து ஊற்றியது.

எடைமேடையில் ஏற்றினார்கள். முள் சரசரவென்று மேலே போனது. கூடவே வந்திருந்த சாமியாத்தாள் கும்பிட்ட கையை இறக்கவில்லை. பாய் முகமும் மலர்ந்தது. ஆனால் மேடையை ஒட்டி நின்றது பாயின் லாரி. அதிலிருந்த மாடுகளுக்கு வாசம் எட்டிவிட்டது. ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டி ஜமுக்காளத்தை இழுத்தன, சாக்கைக் கிழித்தன, மென்றன. முள் கீழே இறங்க ஆரம்பித்தது.

"என்னய்யா இது! நான் பாக்கப் பாக்க உங்க மாடு இளைக்குது?"

"கணக்குச் சரிதானுங்க பாய்" என்றார் ராக்கியண்ணன், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "எங்க மாட்டுல கொறஞ்சது உங்க மாட்டுல கூடியிருக்குது. அதுக்கு வெலை குடுங்க."

பாய் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க கொழுப்பை நீங்களே திருப்பி எடுத்துக்கங்க சாமி, எனக்கு வேண்டாம்" என்று சொல்லி லாரியைக் கிளப்பச் சொன்னார்.

"அண்ணா! நாளைக்கு முகூர்த்தம்! சீருக்கு என்ன பண்றது?" என்று அலறினாள் சாமியாத்தாள்.

"அழுவாத ஆத்தா. அவுரே எடுத்துக்கச் சொல்லிப்போட்டாரு, கேட்டயல்ல? சீரு எங்கயும் போவல, அந்த மாட்டு வயித்துக்குள்ள இருக்குது. விடியறதுக்குள்ள பின்பக்கமா வந்துதான ஆவோணும்? நீ புள்ளையை மணையில உக்கார வெய்யி. வாங்கிட்டு வந்தர்றேன்."

சொல்லிவிட்டு ராக்கியண்ணன் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு, நகர்கிற லாரியில் தாவி ஏறி, இருந்ததிலேயே கொழுத்த மாட்டின் வாலுக்குக் கீழே அதைப் பயபக்தியோடு ஏந்தி நின்றார். கேரள எல்லையான வாளையாறு தாண்டியும் கையை இறக்கவில்லையாம்.