உச்சிக் கொம்புக்குப் போன சொல்

ஒரு காட்டில் யார் யாருக்குச் சேதி அனுப்ப வேண்டுமென்றாலும் மைனாக்களைத்தான் கூப்பிட வேண்டும். மைனா சேதியை வெறுமனே சொல்லிவிட்டுப் போகாது, பிள்ளைகளே. அனுப்பியவர் குரலிலேயே மூன்று தடவை சொல்லும். யானையின் சேதி என்றால் அந்தச் சின்னத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பிளிறக்கூடச் செய்யும்.

மைனாக்களுக்கெல்லாம் முதலாளி கொம்பேறி என்ற குரங்கு. பெரிய இலவ மரத்தின் உச்சிக் கொம்பில் குடியிருந்தது. பேச்சில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது.

அங்கே ஒரு குளத்தில் குளத்தாயி என்றோர் ஆமை வாழ்ந்தது. அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. பிடித்த பிடியை விடவும் தெரியாது. அதன் தங்கை மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடையில் இருந்தது. தங்கை எப்படி இருக்கிறாளோ என்று குளத்தாயி ஒரு நாள் வாய்விட்டுப் புலம்பியதுதான் தாமதம், கொம்பேறி மரத்தைவிட்டு இறங்கி ஓடோடி வந்தது. வாழையிலையில் ஈரக் களிமண்ணும் கையோடு கொண்டுவந்தது. களிமண்ணில் கால் பதித்துவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று என்பது அந்தக் காட்டு வழக்கம்.

"நீங்கள் தண்ணீரைவிட்டு வெளியே வரக்கூட வேண்டாம் அம்மா. காலை மட்டும் இப்படி வையுங்கள். தினமும் காலையில் மைனா கரைக்கே வரும். காட்டில் எந்த மூலைக்கும் எந்தக் கொம்புக்கும் உங்கள் சொல் தவறாமல் போகும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஐந்தே ஐந்து அல்லிக் கிழங்கு கொடுத்தால் போதும்" என்றது குரங்கு.

"பிறகு வேண்டாம் என்று தோன்றினால்?" என்று கேட்டது ஆமை.

"ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடிந்தது."

ஆமை காலை வைத்தது. அந்த ஒரு வார்த்தையை எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று கேட்க அதற்குத் தோன்றவில்லை. உங்களுக்கும் எனக்கும்கூடத் தோன்றியிருக்காது.

குறை சொல்லக் கூடாது, மைனா நன்றாகவே உழைத்தது. நான்கைந்து மாதம் அக்காளும் தங்கையும் ஆசை தீரப் பேசினார்கள். அப்புறம் கோடை வந்தது. ஓடை வற்றியது. தங்கை மலையேறி இறங்கி, ஓடெல்லாம் புழுதியாக, அக்காளின் குளத்துக்கே வந்து சேர்ந்துவிட்டது. குளமும் பாதியாகச் சுருங்கியிருந்தது. சேற்றைத் தோண்டினால் கிழங்கு அரிதாகத்தான் அகப்பட்டது. இரண்டு வயிற்றுக்கே அது போதாதபோது ஐந்தைத் தூக்கிக் கொடுத்தால் மழை வரும்வரை என்ன செய்வது? குளத்தாயிக்குப் பயம் வந்தது. பேச வேண்டியவள் பக்கத்திலேயே இருக்கிறாள், இனி மைனா எதற்கு என்று முடிவு செய்து, விடிந்ததும் இலவ மரத்துக்குக் கிளம்பியது.

போய்ச் சேரவே உச்சிப்பொழுது ஆகிவிட்டது. தாழ்ந்த கிளையில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. "உங்கள் வார்த்தை எங்களுக்குப் பொன் போன்றது. சற்றே காத்திருங்கள்" என்றது. ஆமை காத்திருந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் கிளி அதையே சொன்னது. தாகமாக இருக்கிறது என்றாலும் அதையேதான் சொன்னது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான், பாவம்.

வெயில் சாய்ந்த பிறகு கொம்பேறி நடுக்கிளை வரை இறங்கி வந்தது. விலகுகிறேன் என்று ஆமை சொன்னதும் குரங்கின் பேச்சில் தேன் ஒழுகியது. இனி தினமும் இரண்டு மைனா அனுப்புகிறேன் என்றது. பேச ஆளில்லை என்றால் புதிதாக ஒரு சிநேகிதியைப் பிடித்துத் தருகிறேன் என்றது. ஆமை எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சரி. ஆனால் விலகும் சொல்லை உச்சிக் கொம்பில்தான் சொல்ல வேண்டும் அம்மா. உங்கள் குரலில், என் காதுபட. அதுதான் இங்கே சட்டம்" என்றது குரங்கு.

"ஆமை எப்படி ஐயா மரம் ஏறும்?"

"அது எனக்கும் வருத்தம்தான். என்ன செய்வது, சட்டம் எல்லாருக்கும் ஒன்று" என்று சொல்லிவிட்டு அது மேலே போய்விட்டது.

கொடுக்காமல் இருந்துவிடலாமா என்றால் அதற்கும் வழியில்லை. போன கோடையில் முயல் அப்படித்தான் இருந்து பார்த்தது. குரங்குக் கூட்டம் வந்து அதன் புதரையே மொட்டையடித்துவிட்டுப் போயிற்று. பௌர்ணமிக்கோ மூன்றே நாள்தான் இருந்தது. குளத்தாயி வீடு வந்து தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது, மறுநாள் முழுக்க வெளியே நீட்டவில்லை. இனி பட்டினிதான் என்று தங்கை அழுது முடித்துத் தூங்கியே போனது. ஆமை மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த காலை வழக்கம்போல் மைனா வந்தது. "இன்றைக்கு என்ன சேதி? யாருக்கு?" என்று கேட்டது.

"உன் முதலாளிக்கு" என்றது குளத்தாயி. "உச்சிக் கொம்பில் உட்கார்ந்து, என் குரலிலேயே, அவர் காதுபடச் சொல். குளத்தாயி இன்றோடு விலகிக்கொண்டாள். இனி மைனாவும் வேண்டாம், கிழங்கும் கிடையாது."

மைனாவின் வேலை சேதியைச் சேர்ப்பது. யாருக்கு என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. பறந்து போயிற்று.

பௌர்ணமியும் வந்தது. அக்கம்பக்கத்தில் தண்ணீர் மிச்சமிருந்தது அந்த ஒரு குளத்தில்தான் என்பதால் காலையிலேயே முயல், முள்ளம்பன்றி, மான் எல்லாம் கரையில் நின்றன. கொம்பேறியும் கூடையோடு வந்து கிழங்கைக் கேட்டது.

"நான்தான் விலகிவிட்டேனே" என்றது ஆமை.

"விலகினீர்களா? எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லையே."

கரையில் இருந்த மைனாவின் முகம் சுண்டிப்போனது. ஆமை நிதானமாகக் கழுத்தை நீட்டியது.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் ஐயா. என் சொல் உச்சிக் கொம்புக்கு வந்தது என்றால், உங்கள் சட்டப்படி நான் விலகியாயிற்று. வரவில்லை என்றால், எந்தக் கொம்புக்கும் தவறாமல் போகும் என்று சொல்லித்தானே எங்கள் எல்லாரிடமும் வாங்குகிறீர்கள்? போகாத சொல்லுக்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? இரண்டில் எது?"

முயல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டது. முள்ளம்பன்றி ஓரடி முன்னால் வந்தது. குரங்கு எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"வந்தது" என்றது மென்று விழுங்கி. "மூன்று தடவை வந்தது."

காலிக் கூடையோடு அது திரும்பி நடந்தது. அன்று குளத்தாயி, குரங்குக்குப் போயிருக்க வேண்டிய ஐந்து கிழங்கையும் தோண்டி எடுத்துத் தங்கைக்கு மூன்றைக் கொடுத்தது. மழை வரும்வரை இருவரும் தாக்குப்பிடித்தார்கள்.

மான் மட்டும் விலகவில்லை. அதன் மகள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாள், அதற்கு மைனா வேண்டியிருந்தது. ஆனால் கொம்பேறி அன்று மரம் ஏறி மூச்சு வாங்கி உட்காருவதற்குள், உச்சிக் கொம்பில் ஒரு மைனா முள்ளம்பன்றியின் குரலில் பேச ஆரம்பித்திருந்தது. அது முடிக்கட்டும் என்று அடுத்த கொம்பில் இன்னொன்று முயலின் சேதியோடு காத்திருந்தது.

நீதி: சேருவதை எவ்வளவு சுலபமாக வைத்தார்களோ, விலகுவதையும் அவ்வளவு சுலபமாக வைக்க வேண்டும், வைக்காதவரிடம் அவர் கொடுத்த வாக்கை வைத்தே கேட்பது நம் உரிமை.