ஈ காக்கைக்குத் தெரியாமல் வாங்கிய வீடு

எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், பெருமைப்பட்டுக்கொள்வார்கள். அதுதான் தொல்லை.

அங்கே எத்திராஜ், கஜபதி, துளசிங்கம் என்று மூன்று அண்ணன் தம்பிகள். தங்கமான மனிதர்கள். யார் எதைச் சொன்னாலும் ஒரு எழுத்து பிசகாமல் செய்வார்கள். அதனாலேயே ஊரில் யாரும் அவர்களிடம் எதையும் சொல்லப் பயப்படுவார்கள். ஒரு கல்யாணத்தில், "வர்றவங்களை எல்லாம் உட்கார வையுங்கப்பா" என்று பெண்ணைப் பெற்றவர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை ஊர்வலத்தையே, மேளக்காரர்கள் உட்பட, நடுத்தெருவில் உட்காரவைத்துவிட்டார்கள்.

எத்திராஜின் மனைவி மரகதம்தான் அந்த வீட்டில் புத்தியுள்ள ஒரே ஆள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கொல்லையில் கிணறு உள்ள சொந்த வீடு. வாடகை வீட்டில் தண்ணீர் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெருக்குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டே அவள் தொண்டை கரகரத்துப்போனது. பாவம், அவளை நினைத்தால் எனக்கே மனசு கஷ்டமாக இருக்கும்.

கடைசியில் கம்பவுண்டர் லோகநாதன் வீடு விலைக்கு வந்தது. ஓட்டு வீடு, கொல்லையில் கிணறு, எந்தக் கோடையிலும் வற்றாத தண்ணீர். கம்பவுண்டர் மகளோடு இருக்கப் பூனாவுக்குப் போகிறார். மரகதம் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கிணற்றை எட்டிப் பார்த்தவள் திரும்பி வரவே மாட்டேன் என்றாள். புரோக்கர் தட்சிணாமூர்த்தி விலையைப் பேசி முடித்தார்.

"இதோ பாருங்க. வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு மேல நல்ல நேரம், அன்னிக்கு அக்ரிமென்ட் எழுதிடலாம். அதுக்குள்ள கம்பவுண்டர் வந்து உங்க வாயால ஒரு சம்மதம் கேட்பாரு. நான் திருப்பதிக்கு மொட்டை போடப் போறேன். அக்ரிமென்ட் எழுதற வரைக்கும் விஷயம் ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. கண்ணு பட்டுடும். அப்புறம், நல்ல காரியம் முடியற வரைக்கும் வாயில நல்ல வார்த்தைதான் வரணும்" என்று சொல்லிவிட்டு புரோக்கர் பஸ் ஏறினார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

அண்ணன் தம்பிகள் வீட்டுக்கு வந்ததும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். துளசிங்கம் துண்டை எடுத்துக்கொண்டு ஈயையெல்லாம் விரட்டினான். கூரையில் உட்கார்ந்திருந்த காக்கையை ஓட்ட கஜபதி ஏணி போட்டு ஏறினான். அது போனபிறகுதான் பேச்சே ஆரம்பித்தது.

"அண்ணே, ஒரு சந்தேகம்" என்றான் கஜபதி. "கம்பவுண்டர் வந்து கேட்டா என்ன சொல்றது?"

"வாங்கறோம்னு சொல்லணும்" என்றான் எத்திராஜ்.

"ஈக்கே தெரியக் கூடாதுன்னாரு. ஈயை விட கம்பவுண்டர் எவ்ளோ பெரிய ஆளு!"

எத்திராஜ் தாடையைத் தடவினான். "நீ சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு. அவருக்கு ரெண்டு கண்ணு வேற இருக்குது."

"கண்ணாடி போட்டிருக்காரு அண்ணே" என்றான் துளசிங்கம். "நாலு கண்ணு."

விஷயம் முடிவாகிவிட்டது.

மறுநாள் காலையில் கம்பவுண்டரே வந்தார். "என்னப்பா, வீட்டை எடுத்துக்கறீங்கதானே? அரிசி மண்டி சபாபதியும் கேக்கறாரு. நீங்க முதல்ல வந்தவங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டா அவரை அனுப்பிடுவேன்."

எத்திராஜ் முந்திக்கொண்டான். "எந்த வீடுங்க?"

"என் வீடுதான்யா!"

"உங்களுக்கு வீடு இருக்குதுங்களா?" என்று கேட்டான் கஜபதி, ரொம்ப மரியாதையாக.

"வேணுமா வேணாமா?"

"வேணாங்க" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில். கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டு போனார். துளசிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. "கொஞ்சம்கூட சந்தேகம் வரலை பாத்தியா!" என்றான்.

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த மரகதம், "ஏங்க, கம்பவுண்டர் வந்துட்டுப் போறாரே, சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். எத்திராஜ் நெளிந்தான். நடந்ததைச் சொன்னால் ரகசியம் போய்விடும். சொல்லவில்லை என்று சொன்னால் அது நல்ல வார்த்தை ஆகாது. "எல்லாம் சுபம்" என்றான். மரகதம் சந்தோஷமாகக் குடத்தை இறக்கி வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் இவர்கள் மூன்று பேரையும் நாலு சாத்து சாத்தலாம் என்று தோன்றியிருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டை வேறு யாரும் தட்டிக்கொண்டு போகாமல் இருக்க, மூன்று பேரும் கம்பவுண்டர் வீட்டுக்கு எதிரே போய்க் காவல் நின்றார்கள். சபாபதி வந்தார். அவர் வீட்டை ஒரு பார்வை பார்த்தார், இவர்களை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏம்பா, இந்தத் தெருப் பக்கம் அடிக்கடி வர்றவங்களா நீங்க? வீடு எப்படி? மழைக்கு ஒழுகுமா?"

ஒழுகும் என்று சொன்னால் ஆள் ஓடியே போயிருப்பார். கஜபதி வாயைத் திறந்தும் விட்டான். துளசிங்கம் பாய்ந்து வந்து அதைப் பொத்தினான். பிறகு மூவரும் வேப்பமரத்துக்குப் பின்னால் போனார்கள்.

"ஒழுகும்னு சொன்னா மேல இருக்கற தேவதைங்க அப்படியே ஆகட்டும்னுடும்! அப்புறம் ஒழுகற வீட்டுலதான் அண்ணி இருக்கணும்" என்றான் துளசிங்கம்.

"ஐயையோ. நல்ல வார்த்தைதான் சொல்லணும்" என்றான் எத்திராஜ்.

"நாம சொல்றது பலிக்கும்னா, நிறைய சொல்லிடலாமே அண்ணே" என்றான் கஜபதி.

திரும்பி வந்து நிறையவே சொன்னார்கள். ஒரு சொட்டு ஒழுகாது என்றார்கள். கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும், அந்த வீட்டில் குடிபோனவனுக்கு ஆயுசு கெட்டி என்றார்கள். கொல்லையில் புதையல் இருந்தாலும் இருக்கும் என்று கஜபதி சேர்த்துக்கொண்டான். சபாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கிருந்து நேராகக் கம்பவுண்டரிடம் போனார்.

வெள்ளிக்கிழமை காலை. அண்ணன் தம்பிகள் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, கம்பவுண்டர் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். மரகதம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொன்னாள். குழாயில் அப்போதுதான் தண்ணீர் வந்திருந்தது.

உள்ளே பத்திர ரைட்டர், கம்பவுண்டர், சபாபதி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்ரிமென்ட் எழுதி முடிந்து சபாபதி கையெழுத்தும் போட்டாகிவிட்டது. சாட்சிக்கு வருவதாகச் சொன்னவர்களைத்தான் காணோம். ரைட்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினார்.

"பத்தரைக்கு ராகுகாலம் வந்துடும். யாராவது ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போடுங்கப்பா, நல்ல நேரம் போகுது!"

நல்ல நேரம் போகிறது என்றதும் எத்திராஜ் பாய்ந்தான். பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டான். அடுத்து கஜபதி போட்டான். இரண்டு பேர் போதும் என்று சொன்ன பிறகும், விட்டுவிடுவார்களோ என்று துளசிங்கம் ஓரத்தில் ஒன்று போட்டான்.

எத்திராஜ் பெருமூச்சு விட்டுக் கைகூப்பினான். "கம்பவுண்டர் ஐயா, அக்ரிமென்ட் எழுதியாச்சு, இனிமே சொல்லலாம். இந்த வீட்டை நாங்கதான் வாங்கறோம்."

கம்பவுண்டர் மறுபடியும் தலையில் அடித்துக்கொண்டார். தாம்பாளத்தோடு வாசற்படியில் வந்து நின்ற மரகதம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். ரைட்டர் எழுந்து அவளிடமிருந்து தாம்பாளத்தை வாங்கி, அக்ரிமென்டை அதன்மேல் வைத்து சபாபதியிடம் கொடுத்தார். "நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்கம்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து மரகதம் அழுதாள், திட்டினாள், குடத்தைத் தூக்கி எறிந்தாள். எறிந்த குடம் நசுங்கியதற்கும் சேர்த்துத் திட்டினாள். அவள் ஓய்ந்தபிறகு அண்ணன் தம்பிகள் மூலையில் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள்.

"எங்கயோ விஷயம் வெளிய போயிருக்கு. கண்ணு பட்டிருக்கு" என்றான் எத்திராஜ்.

"ஈக்குத் தெரியாது. காக்கைக்குத் தெரியாது. கம்பவுண்டருக்கும் தெரியாது. அப்ப யாருக்குத்தான் தெரிஞ்சிருந்தது?" என்று விரல் விட்டு எண்ணினான் கஜபதி.

துளசிங்கம் ரொம்ப நேரம் யோசித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணே, நமக்குத் தெரிஞ்சிருந்துச்சே!"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதான் தப்பு நடந்த இடம்" என்றான் எத்திராஜ். "அடுத்த வீட்டை நமக்கே தெரியாம வாங்கிடணும்."