இன்ஜினில் காய்ச்சிய மை

மில் முதலாளி பாலுச்சாமி காருக்கு மாலை போடுவார், எலுமிச்சம்பழம் கட்டுவார். ஆயில் மட்டும் மாற்றவே மாட்டார்.

"வருசத்துக்கு ஒருதடவையாவது மாத்தணும் முதலாளி. இன்ஜின் முனகுது" என்றான் டிரைவர் ஒச்சப்பன்.

"அது ஊர்க்கண்ணுடா! கருப்பா ஒரு திருஷ்டிப் பொட்டு வை. சம்பந்தி வீட்டுக்குப் போற வழியில வண்டி நின்னுச்சு, உனக்கு வேலை கிடையாது!"

மைக்கு எங்கே போவது? ஒச்சப்பன் பானெட்டைத் திறந்தான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, கார் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்தான்.

முனகிக்கொண்டே போய்ச் சேர்ந்த காரைச் சம்பந்தி சுற்றிவந்தார். "அடேயப்பா, என்னா கருப்பு! மை எங்க வாங்குனது?"

"நம்ம இன்ஜின்லயே காய்ச்சுனதுங்க. ஊத்துறப்ப தேன் மாதிரிதான் இருந்துச்சு. மூணு வருசமா மாத்தாம முதலாளிதான் பக்குவம் பண்ணுனாரு."

சம்பந்தி வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். பாலுச்சாமி பல்லைக் கடித்தார்.

"போய் ஆயில மாத்தித் தொலைடா!"

"பாத்தீங்களா முதலாளி," என்றான் ஒச்சப்பன், "பொட்டு வச்சதும் பலிச்சிருச்சு!"