குயிலியின் கோபம்

காட்டாற்றங்கரையில் இருந்த அந்த ஆசிரமத்தில், பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு சிறு பள்ளியும் நடந்தது. குருவை எல்லோரும் அம்மை என்றே அழைத்தார்கள். சீடர்களில் வேலாயுதத்துக்குப் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைக்கும் வேலை. அவனும் தாய் தகப்பன் முகம் அறியாதவன்தான். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கடைசியில் அம்மையிடம் வந்து ஒதுங்கியவன்.

ஒருநாள் குயிலி என்ற சிறுமி வந்து சேர்ந்தாள். ஏழு வயது. ஒரு உறவினர் வீட்டிலிருந்து இன்னொரு உறவினர் வீடு என்று கைமாறிக் கைமாறி, இங்கே கொண்டுவந்து விடப்பட்டவள்.

ஆசிரமத்துக்கு யார் வந்தாலும் ஓடிப்போய் மடியில் ஏறிக்கொள்வாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்பாள்.

முகம் தெரியாதவர்களிடம் அத்தனை கொஞ்சல். தினமும் தலைவாரிவிடும் வேலாயுதத்தை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். விழுந்து முழங்கால் கிழிந்தபோதுகூட அவனிடம் வரவில்லை. கிணற்றுக்குப் பின்னால் போய், தானே மண்ணை அள்ளி அப்பிக்கொண்டாள்.

வேலாயுதம் மனம் நொந்து அம்மையிடம் போனான். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் பிள்ளைக்கு என் மேல ஒட்டுதலே வரலையே. என்ன செஞ்சா வரும்?"

"சந்தைக்குப் போறப்ப அவகிட்ட சொல்லிட்டுப் போறியா?"

"இல்லம்மா. நான் இருந்தாலும் அவளுக்கு ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான்."

"சொல்லிட்டுப் போ. எப்ப வருவேன்னும் சொல்லு. சொன்னபடி வா."

அவ்வளவுதான். அம்மை கீரையில் ஆழ்ந்துவிட்டார்.

அடுத்த சந்தைநாளில் வேலாயுதம் குயிலியின் எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துடுவேன், குயிலி."

அவள் திரும்பவில்லை. சொன்னபடி வந்தான். அப்போதும் திரும்பவில்லை. அவன் விடவில்லை. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போனான், சொன்னபடி வந்தான். கோடை கழிந்து ஐப்பசி பிறந்தது.

ஒருநாள் அவன் சந்தையில் இருந்தபோது மழை கொட்டித் தீர்த்தது. காட்டாற்றில் கரை தெரியாமல் வெள்ளம்.

"ராத்திரி இங்கேயே தங்கிடுங்க. விடிஞ்சா தண்ணி வடிஞ்சுரும்" என்றார் காய்கறிக்காரர்.

வேலாயுதம் தங்கவில்லை. ஆற்றைக் கடக்கும் வழியை விட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு, சேற்றிலும் முள்ளிலும் விழுந்து எழுந்து நடந்தான். ஆனாலும் அவன் வந்து சேர்வதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள்.

குயிலி வாசலில் நின்றிருந்தாள். அவன் சிரித்தபடி குனிந்ததுதான் தாமதம், பாய்ந்து வந்து இரண்டு கையாலும் அடித்தாள். தடுத்த கையைக் கடித்தாள்.

"போ! நீ பொய்யன்! எனக்கு நீ வேணாம் போ!"

ஊருக்கே கேட்கும்படி கத்தி அழுதாள். அவள் அழுது அவன் பார்த்ததே இல்லை. தொட முடியாமல், தேற்றத் தெரியாமல், நேரே அம்மையிடம் போய் நின்றான்.

"இவ்வளவு தூரம் சுத்தி வந்தேம்மா. கடிச்சுட்டா. இருந்த ஒட்டுதலும் போச்சு."

அம்மை அவன் கையைப் பிடித்துக் கழுவினார். பல் பதிந்த இடத்தில் மஞ்சளைக் குழைத்துப் பூசினார்.

"மத்தியானம் டவுன்ல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. மிட்டாயைக் காட்டிக் கூப்பிட்டாங்க. இவ வாசலை விட்டு நகரலை."

"எதுக்கும்மா?"

"நானும் அதான் கேட்டேன். 'அவர் வரணும்'னா. சோறும் வேணாம்னுட்டா."

வேலாயுதம் நிமிர்ந்து பார்த்தான். வாசல் பக்கமிருந்து விசும்பல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மை கேட்டார்:

"நீ வரலைன்னு இதுக்கு முன்னாடி யாராவது அழுதிருக்காங்களாப்பா?"

வேலாயுதம் கடிபட்ட கையை மெல்லத் தூக்கித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டான்.