நிறுத்தி வைத்த ஜாவா பொதி

தீர்ப்புச் சொல்லும் அவசரம் இருந்தால் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கதையைப் பாதியில் கேட்டுவிட்டு, "இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்று எழுந்து போனவர்கள் உண்டு. கடைசிவரை கேட்டவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

நாகர்கோவிலில் தில்லைநாயகி என்றொரு பெண். பிழைப்புக்குக் கல்லூரிக் கணினிக்கூடத்தில் வேலை. சம்பளமில்லாத வேலை இன்னொன்றும் உண்டு. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் திறமூல மென்பொருள் களஞ்சியம் ஒன்றில், பல மென்பொருள்கள் ஓடுவதற்கு அடித்தளமான ஜாவாவின் தொகுப்புக்கு அவள்தான் பொறுப்பு. ஜாவாவை உருவாக்குகிறவர்கள் எங்கோ தொலைவில் இருக்கிறார்கள். அவர்கள் புதிய பதிப்பை வெளியிட்டதும் அதை எடுத்துச் சோதித்து, பொதியாகக் கட்டிக் களஞ்சியத்தில் வைப்பாள். ஆயிரக்கணக்கான கணினிகள் தாமாகவே அதை இறக்கிக்கொள்ளும். அவளை யாருக்கும் தெரியாது. பொதி வந்துவிடும் என்று மட்டும் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

அப்படி நம்பியிருந்த இடங்களில் ஒன்று, அதே ஊரில் ஓர் அறக்கட்டளை ஆசுபத்திரியின் டயாலிசிஸ் பிரிவு. யாருக்கு எப்போது முறை, யார் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே கணினியில்தான் இருந்தது. அந்த மென்பொருள் ஓடியது ஜாவாவில். அங்கே வந்துபோகிற நோயாளிகளில் தில்லையின் அக்கா செண்பகமும் ஒருத்தி. தாயில்லாத வீட்டில் தில்லைக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் அந்த அக்காதான்.

களஞ்சியத்துக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. தில்லையும், அவளைப் போலவே சம்பளமில்லாமல் அங்கே பொறுப்பிலிருந்த மேலப்பாளையத்து ஜமாலுதீனும் ஆக இருவரும் கையொப்பமிட்டால்தான் ஜாவா பொதி வெளியே போகும். வந்த கோப்பின் சரிபார்ப்பு எண், உருவாக்கியவர்கள் அறிவித்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். அப்புறம், மென்பொருளில் ஓட்டை இருப்பது தெரிந்தால், திருத்தம் பயனர் கைக்குப் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கக் கூடாது. திருடன் காதில் விழுந்துவிடும் என்ற பயம்.

ஒருநாள் ஜாவாவில் பெரிய ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. வெளியாள் அதன் வழியே நுழைந்து கணினியையே பூட்டிவிடலாம். உருவாக்கியவர்கள் திருத்தத்தை வெளியிட்டு, அன்றைக்கே ஓட்டையைப் பற்றியும் விவரமாக உலகத்துக்கு அறிவித்துவிட்டார்கள். தில்லை திருத்தத்தை இறக்கிப் பார்த்தாள். எண் பொருந்தவில்லை.

ஜமாலுதீன் போனில் வந்தார். "என்னம்மா இன்னும் அனுப்பல? கோப்புல இருக்கிற எண்ணையே சரியான எண்ணுன்னு போட்டு அனுப்பு. நான் இப்பவே கையெழுத்துப் போடுதேன்."

"கோப்பு ஏன் மாறியிருக்குன்னே தெரியலையே அண்ணே. உள்ள எவனாவது எதையாவது நுழைச்சிருந்தா?"

"முன்னாடியும் இப்படி மாறியிருக்கு. ஒண்ணும் இருந்ததில்ல. களவாணிப்பயலுவ கெளம்பியிருப்பானுவ தில்லை. உங்க அக்கா அங்கதானம்மா கெடக்கா, அதையாவது நெனச்சுப் பாரு!"

நினைக்காமலா இருந்தாள் பாவி? வேறு எதையுமே நினைக்க முடியவில்லை. ஆனாலும் தனக்கே தெரியாத ஒன்றுக்குக் கையொப்பமிட அவள் மனம் ஒப்பவில்லை. உருவாக்கியவர்களுக்கு எழுதிக் கேட்டுவிட்டு, பொதியை நிறுத்தி வைத்தாள்.

பதில் வருவதற்குள் அக்காவுக்கு இட்லி எடுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனாள். நர்சு கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். 'இதை இணையத்திலிருந்து பிடுங்கி வையுங்கள்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஊருக்குச் சொல்லாததை என் அக்காவுக்காக மட்டும் சொல்வதா, திருத்தம் போகுமுன் வாய் திறப்பதா என்று விழுங்கிக்கொண்டாள். அக்கா சாப்பிட்டதும் தூக்குவாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பதில் வந்தது. உரிமக் குறிப்பைச் சேர்க்க மறந்துவிட்டார்களாம். அதைச் சேர்த்து அதே பெயரில் மறுபடி ஏற்றினார்களாம். எண்ணை மாற்றத்தான் விட்டுப்போயிற்றாம். தில்லை கோப்பைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தாள். அவர்கள் சொன்னது உண்மை. கோப்பில் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் அதற்குள் அந்த ஓட்டை வழியே நுழைந்து ஆசுபத்திரிக் கணினிகளை எவனோ பூட்டிவிட்டான். யார் முறை, எவ்வளவு நீர் என்று தெரியாமல் நர்சுகள் தவித்தார்கள். செண்பகத்தின் முறை தவறிப்போயிற்று. நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் திணறி, தீவிரச் சிகிச்சைக்குப் போனாள். உயிர் தப்பியது. இதயம் பழுதாகிவிட்டது, இனி நாலு படி ஏறினாலும் மூச்சு வாங்கும்.

கட்டிலோரம் உட்கார்ந்து தில்லை நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள். ஜமாலுதீனும் வந்து தலைகுனிந்து நின்றார்.

"அன்னைக்கு இட்லி கொண்டு வந்தியே, அப்பவே உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியும்க்கா."

செண்பகம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். எண்ணை மாற்றி அனுப்பச் சொன்ன ஜமாலுதீன் சரியா? நிறுத்தி வைத்த தில்லைநாயகி சரியா? செண்பகத்துக்கு நேர்ந்தது யாருடைய எந்தச் செயலால்?

விடை: பொதியை நிறுத்தியது சரிதான். கோப்பு நல்லதாக அமைந்தது ஜமாலுதீனின் அதிர்ஷ்டம். தெரியாததற்குக் கையொப்பமிடும் கை, என்றைக்காவது திருடனுக்கும் கையொப்பமிட்டுவிடும். தவறு வேறிடத்தில் இருக்கிறது. வாய் திறக்காத வழக்கம் திருடனுக்குத் தெரியாமலிருக்கத்தான் ஏற்பட்டது. அறிவிப்பு வந்த அன்றே திருடனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வார்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியாது. "திருத்தம் தாமதமாகிறது, அதுவரை இணையத்தைத் துண்டித்து வையுங்கள்" என்று களஞ்சியத்தின் முகப்பில் எழுத எந்த எண்ணும் பொருந்த வேண்டியதில்லை, இரண்டாவது கையொப்பமும் வேண்டியதில்லை. அக்காவுக்கு மட்டும் சொல்வதா கூடாதா என்று மருகியவளுக்கு, எல்லாருக்குமே சொல்லலாம் என்று தோன்றவில்லை. கையொப்பத்துக்காக மல்லுக்கட்டிய ஜமாலுதீனுக்கும் தோன்றவில்லை. பொதியை நிறுத்தியதற்காகச் செண்பகம் தங்கையை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அன்றைக்குக் கொண்டுவந்த இட்லியைப் பற்றித்தான் அக்காவும் தங்கையும் இன்றுவரை பேசுவதில்லை.