முதல் காம்பு

மடத்துக் கோடாலியின் காம்பு முறிந்துபோனது. போட்டவன் மாதையன், முறித்தவனும் அவனே. அடுப்புக்கு விறகில்லை. மறுநாள் அமாவாசைச் சோறு. ஊரே வந்து உட்காரும்.

வேறு காம்பு போடு என்றார் சாமி. மாதையன் நகரவில்லை.

அவன் நாற்பதைத் தாண்டியவன். கூடப்பிறந்தவன் வாய்க்காலை அடைத்துத் தென்னை வைத்ததைத் தாசில்தாரிடம் போய்ச் சொன்னவன். தென்னை போயிற்று, கீழ்க்காட்டுக்குத் தண்ணீர் வந்தது. தண்ணீர் கிடைத்தவர்களும் சேர்ந்துதான் அவனுக்குப் பேர் வைத்தார்கள்: கோடாலிக்காம்பு. அந்தப் பேரோடு மடத்தில் வந்து விழுந்தான். அண்ணன் என்ற சொல் அதன்பிறகு அவன் வாயில் வந்ததில்லை. அந்தாளு என்பான்.

"அந்தப் பேர் எப்படி சாமி வந்துச்சு? பூவைத் தாங்குறதும் காம்புதான். அதை யாரும் வையறதில்லையே."

"கோடாலிக்காம்பு எதை வெட்டுது?"

"மரத்தை. தான் பொறந்த மரத்தையே."

"அந்த முதல் காம்பை எந்தக் கோடாலி வெட்டுச்சு?"

மாதையன் யோசித்தான். கோடாலி இல்லாமல் காம்பு வெட்ட முடியாது. காம்பு இல்லாமல் கோடாலி வெட்டாது. தெரியலை என்றான்.

"தெரிஞ்சுக்கிட்டு வா. காம்போட வா." வெறும் இரும்பை அவன் கையில் போட்டுவிட்டுச் சாமி திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு கிளை வெட்ட ஊருக்குள் கோடாலி இரவல் கேட்டான். முதல் வீட்டில் இல்லை என்றார்கள். அது வாசலிலேயே சாய்ந்திருந்தது. அடுத்த வீட்டுக்காரர், நீயே காம்புதானே, இரும்பை உன் தலையிலே மாட்டிக்கொண்டு வெட்டு என்றார். அவர் வயலில் வாய்க்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மற்ற வீடுகளிலும் அதே கதைதான். மிச்சம் ஒரு வீடு. அதன் படலுக்கு வெளியே வெகுநேரம் நின்றான்.

அந்தாளு வந்து இரும்பைப் பார்த்தான். எங்கே முறிந்தது என்றான். கண்ணுகிட்ட, இரும்புக்குள்ளே நுழையற இடத்துல என்றான் மாதையன்.

"இரும்பை அடிச்சு மாட்டினியா?"

"ஆமா."

"நீ எப்பவும் எதிர்ல நின்னுதான்டா அடிப்ப."

பரணிலிருந்து காய்ந்த வேலங்கழி ஒன்றை இறக்கினான். முனையைச் செதுக்கி இரும்பில் நுழைத்தான். இரும்பு கீழே தொங்கும்படி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, காம்பின் அடியை மட்டும் மெல்லத் தட்டினான். இரும்பைத் தொடவே இல்லை. அது தானாக ஏறி இறுகிக்கொண்டது. தென்னையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கோடாலியை நீட்டினான், உள்ளே போய்விட்டான்.

பொழுது சாய்வதற்குள் விறகு குவிந்தது. சாமி கோடாலியை வாங்கி உதறிப் பார்த்தார். அசையவில்லை.

"இதை எந்தக் கோடாலி வெட்டுச்சு?"

"தெரியலை சாமி. எடுத்துக் குடுத்தாங்க."

"வெட்டாம, குடுத்து வந்துச்சா? அப்ப இதுதான் முதல் காம்பு. யாரு போட்டது?"

"அந்தாளுதான்."

"ஆளுக்குப் பேரில்லையா?"

மாதையன் காம்பைத் தடவிக்கொண்டு நின்றான்.

"எங்கண்ணன்," என்றான். "தீர்த்தகிரி."