குமிழி நடுவில் நிற்கவில்லை

பாளையங்கோட்டையில் தியானம் கற்றுத்தரும் தவமணியம்மாவுக்கு வயது நாற்பதுதான். சீடர் சபாபதி மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் ஒரே கேள்வியோடு வந்து அம்மாவின் உயிரை வாங்கினார்.

"குறையே இல்லாம ஒரு காரியத்தச் செய்ய மனச எப்படிம்மா பழக்குறது?"

"என்ன காரியம்?"

"அதாம்மா, ரெக்கார்டு பிளேயர்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தியானத்துக்காக இல்லை.

மனைவி காந்திமதிக்காக சபாபதி வாங்கியது அது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று விற்கிற மலிவான பெட்டி, ஸ்பீக்கர் அதிலேயே இருக்கும். காந்திமதி கல்லூரியில் படித்தபோது பாடிய பாட்டு ஒரு ரெக்கார்டில் இருக்கிறது. வீட்டில் போட்டுக் கேட்க வழியில்லாததால் தன் குரலை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது ஒரு காது போய்விட்டது. மற்றதும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பெட்டி வந்து மழைக்காலமே முடிந்துவிட்டது. அந்த ரெக்கார்டு இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை. சொல்கிற எனக்கே எரிச்சலாக இருக்கிறது, அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்?

"மேசை சாயுதும்மா. ரசமட்டம் வச்சுப் பாத்தேன், குமிழி நடுவுல நிக்க மாட்டேங்கு."

"போன வாரம் அட்டை வச்சேன்னீங்களே?"

"அட்டை வச்சா மறுபக்கம் சாயுது. ஊசியோட கனமும் சரியில்ல. வேற ரெக்கார்டு போட்டுப் பாத்தா லேசா ஒரு இரைச்சல் வேற."

"அவங்க என்ன சொல்லுதாங்க?"

"அவளுக்கு என்ன தெரியும்? 'இருக்கபடி போடுங்க'ங்கா. நல்லா கேக்கணும்லா?"

"எந்தக் காதால?"

"வலது காதாலதான்" என்றார் சபாபதி.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பெட்டியையும் அந்த ரெக்கார்டையும் தூக்கிட்டு, அவங்களையும் கூட்டிட்டு இப்பவே வாங்க."

ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சமையலறையில் ஒரு கால் குட்டையான ஸ்டூல் கிடந்தது. அம்மா பெட்டியை வாங்கி அதன்மேல் வைத்தார்.

"அம்மா, அது ஆடுது!"

"ஆடட்டும்."

"ரசமட்டம் கொண்டாந்திருக்கேன்..."

அம்மா அதை வாங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார்.

"விலை குறைஞ்ச பெட்டிம்மா. பாட்டு முடிஞ்சா ஊசி இருக்க கை தானா எழும்பாது, நாமதான் தூக்கணும். இல்லன்னா சுத்திக்கிட்டே கெடந்து ஊசி தேஞ்சிரும்."

"சொல்லியாச்சுல்லா? உக்காருங்க."

அம்மா ரெக்கார்டை உறையிலிருந்து எடுத்து வைத்து, ஊசியை அதன்மேல் இறக்கினார். முதலில் கரகரப்பு. பிறகு ஒரு பெண்ணின் குரல், கொஞ்சம் பயந்து, ஆரம்பத்தில் சுருதி விலகி. காந்திமதி தரையில் உட்கார்ந்து வலது காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"இது நானா?" என்றார்.

"நீதான்" என்றார் சபாபதி. அது காந்திமதியின் காதில் விழவில்லை.

பாட்டு முடிந்தது. தட்டு நிற்காமல் சுற்றியது. கடைசிச் சுற்றில் ஊசி டிக், டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. காந்திமதி காதை எடுக்கவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. கன்னம் நனைந்திருந்தது.

சபாபதி பதறி எழுந்தார். "அம்மா, ஊசி தேயுது!"

"உக்காருங்க" என்றார் தவமணியம்மா. "ஊசி கடையில கெடைக்கும்."